ஒரு ரூபாய் டிக்கெட் விற்றவன் சொல்கிறேன்

மதுரை டவுன் ஹால் ரோட்டில் முப்பது வருஷம் டிராவல்ஸ் கடை நடத்தியவன் நான். 2004 வாக்கில்கூட விமான டிக்கெட் கேட்டு என் கடைப்படி ஏறியவர்கள் மூன்றே ரகம்தான்: ஜவுளிக்கடை முதலாளி, டாக்டர், துபாய் மருமகன் பணம் அனுப்பிய மாமனார். மற்ற எல்லோருக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸ், அதுவும் வெயிட்டிங் லிஸ்ட்.

ஒருநாள் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பேப்பர் விளம்பரத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். "ஒத்த ரூவாய்க்கு பிளேனாமே, நெசமாண்ணே?" நெசம்தான். ஆனால் அந்த விலையில் சில சீட்டுகள்தான் இருக்கும், முந்திக்கொள்பவருக்கே கிடைக்கும், விமான நிலையக் கட்டணம் இருநூற்றுச் சொச்சம் தனி என்றேன். அவர் கையில் மஞ்சள் பை நிறைய ரொக்கம். டிக்கெட் போடவோ கிரெடிட் கார்டு வேண்டும். கடையில் இருந்த ஒரே கார்டு என்னுடையது. ஒரு ரூபாய் சீட்டு கிடைக்கவில்லை. ரயிலில் ஏசி பெட்டிக்கு ஆகும் காசில் அவருக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் சென்னைக்குப் போட்டுக் கொடுத்தேன். உள்ளே தண்ணீர்கூட விலைக்குத்தான் என்று சொல்லியனுப்பியதால் புளியோதரை கட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும் அந்த அம்மா கடைக்கே வந்து சொன்னார்: "கீழ மழை பேயிது தம்பி, மேகத்துக்கு மேல வெயில் அடிக்குது!"

அவர்களைப் பறக்கவிட்டது ஏர் டெக்கான். 'சூரரைப் போற்று' வந்த பிறகு அதன் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், பாதி மட்டும். படத்தின் நாயகன் எங்கள் சோழவந்தான்காரன். நிஜத்தில் அவர் கர்நாடகத்து ஹாசன் மாவட்டம் கொரூரைச் சேர்ந்த கேப்டன் கோபிநாத். ராணுவத்திலிருந்து வந்து, பட்டுப்புழு வளர்த்து, ஹெலிகாப்டர் கம்பெனி நடத்தி, 2003 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு முதல் விமானத்தை விட்டார். அடுத்த மாதமே ஹைதராபாத்–விஜயவாடா தொடக்க விமானத்தில், பா.ஜ.க. தலைவர் வெங்கய்ய நாயுடு உள்ளே உட்கார்ந்திருக்க, எஞ்சினில் தீப்பிடித்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஷட்டரை இறக்கியிருப்பார்கள். ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த சாமானியரைச் சின்னமாக வைத்துக்கொண்டு மனுஷன் மேற்கொண்டு பறந்தார். படத்தில் விமானம் மேலே போனதும் சுபம். நிஜத்தில், பறந்த நாலாம் வருஷம் கம்பெனி கைமாறியது.

மலிவு விமானத்தின் சூத்திரம் ஒன்றும் ரகசியமில்லை. ஓசிச் சாப்பாடு கிடையாது. டிக்கெட்டை இணையத்திலும் போனிலும் நேராக விற்றால் என்னைப் போன்ற ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சம். இறங்கிய விமானம் அரை மணிக்குள் திரும்ப ஏற வேண்டும். தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். சீட் நம்பர் கிடையாது. கதவு திறந்ததும் டவுன் பஸ்ஸில் துண்டு போடுவதுபோல ஓடி இடம் பிடிக்க வேண்டியதுதான். விலையும் தலைகீழ். சந்தையில் பொழுது சாயச் சாயக் கத்திரிக்காய் விலை இறங்கும். விமானத்தில் நாள் நெருங்க நெருங்க ஏறும். இதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விளக்கியே என் தொண்டை வறண்டது. சின்ன ஊர்களுக்கு ஏடிஆர் என்ற சின்ன டர்போப்ராப் (முன்விசிறி) விமானம் விட்டதிலும் கணக்கு இருந்தது. 80 சீட்டுக்குக் கீழே இருந்தால் இறங்கு கட்டணம் கிடையாது என்ற சலுகையும், டர்போப்ராப்பின் எரிபொருளுக்குக் குறைந்த விற்பனை வரியும் அதற்குக் கைகொடுத்தன.

ஏர் டெக்கான் மலிவாக விற்றதால்தான் கவிழ்ந்தது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலிவாக விற்பவனுக்குச் செலவும் மலிவாக இருக்க வேண்டும். அங்கேதான் கோட்டை விட்டார்கள். ஏடிஆரும் ஏர்பஸ்ஸும் சேர்த்து நாற்பதுக்கு மேல் விமானங்கள், அறுபதுக்கு மேல் ஊர்கள், அதுவும் நாலே வருஷத்தில். இரண்டு வகை விமானம் என்றால் பைலட் தனி, மெக்கானிக் தனி, உதிரி பாகம் தனி. தாமதம் வாடிக்கையானது. இதற்குள் ஸ்பைஸ்ஜெட், கோஏர், இண்டிகோ வரிசையாக வந்து விலையை இன்னும் கீழே இழுத்தன. 2006-ல் 148 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு, சந்தைக்கு வந்த முதல் நாளே 100 ரூபாய்க்குக் கீழே போனது. அடுத்த வருஷம் கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி முதலாளி விஜய் மல்லையா 550 கோடி ரூபாய்க்கு 26 சதவீதப் பங்கை வாங்கினார். சாமானியர் போய்விட்டார், பெயர் கிங்ஃபிஷர் ரெட் ஆனது. 2011-ல் மலிவு சேவையே வேண்டாம் என்றார்கள். 2012-ல் கிங்ஃபிஷரே தரையில் நின்றது. கஞ்சி விற்ற கடையை வாங்கி அதில் பிரியாணி விற்கப் பார்த்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பிறகும் எத்தனையோ விமானக் கம்பெனிகள் வந்தன, போயின. அதில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், ஓர் இரவில் கடையை மூடியபோது நான் முன்பணமாகக் கட்டியிருந்த தொகை அதோடு போயிற்று. கல்யாணக் கோஷ்டிக்குப் போட்டிருந்த 14 டிக்கெட்டுக்கு என் கைக்காசைப் போட்டு வேறு விமானத்தில் ஏற்றிவிட்டேன். அந்த மாப்பிள்ளைக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

ஒரே வகை ஏர்பஸ், நேரம் தவறாமை என்று கட்டுக்கோப்பாகத் தொடங்கிய இண்டிகோ மட்டும் மளமளவென வளர்ந்தது. இன்று உள்நாட்டில் பறக்கும் 100 பேரில் 60 பேருக்கு மேல் அதில்தான் போகிறார்கள். நன்றாக நடத்தினார்கள், வளர்ந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2025 டிசம்பரில் என்ன நடந்தது? பைலட்டுகளின் ஓய்வு நேர விதி மாறியிருந்தது. அதற்கு அந்த நிறுவனம் தயாராக இல்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. மற்ற விமானங்களில் கட்டணம் எகிறி, கடைசியில் 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசே உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. மாற்றாக நாலு கம்பெனி உருப்படியாக இருந்திருந்தால் அரசுக்கு அந்த வேலை வந்திருக்காது.

சின்னக் கம்பெனி நிற்க அரசு வழி செய்யவில்லையா என்றால், செய்தது, அரைகுறையாக. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் நஷ்ட ஈடு மூன்று வருஷம் கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் பல தடங்களில் விமானமும் நின்றுவிட்டது. சேலத்துக்கு 2018-ல் ட்ரூஜெட் வந்தது, நின்றது. 2023 அக்டோபர் வரை அந்த ஓடுதளம் காத்துக் கிடந்தது.

இன்னொரு பாரம் எரிபொருள் வரி. விமானம் ஓட்டும் செலவில் 40 சதவீதம் வரை எரிபொருள். உடான் தடம், சின்ன விமானம் போன்ற சலுகைக் கணக்குகளை விட்டால், தமிழ்நாட்டில் அதன்மேல் மதிப்புக் கூட்டு வரி 29 சதவீதம். வேறு பல மாநிலங்கள் இதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவது டெல்லியின் வேலை, அது எப்போது நடக்குமோ தெரியாது. 29-ஐக் குறைப்பது கோட்டையில் ஒரு கையெழுத்து. பெரிய கம்பெனி இந்த வரியைத் தாங்கும். புதிதாக வருபவன் தாங்கமாட்டான். அடுத்த பட்ஜெட்டிலாவது மாநில நிதியமைச்சர் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டும்.