லைலாக்கைத் தூங்க வையுங்கள்

லைலாக் குளிர்நாட்டுச் செடி. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கினால்தான் வசந்தத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து மணக்கும். நம் ஊர் வெப்பத்தில் அது நடக்காது. விதைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வாசலில் கெமுனிங் வையுங்கள், வாசம் வீடு வரை வரும்.

பிள்ளைகள் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கிறார்களா? அங்கே குளிர் மிதம்தான். ஆனாலும் டெஸ்கான்சோ தோட்டத்தில் வால்டர் லாமர்ட்ஸ் உருவாக்கிய ‘லாவெண்டர் லேடி’ வகை பூக்கும். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: தினமும் 6 மணி நேர வெயில் வேண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து தண்ணீரைக் குறைத்தால் செடி உறங்கும். பிப்ரவரியில் மொட்டு பருத்ததும் மீண்டும் ஊற்றலாம்.

கிளைகளைப் பூ வாடியவுடனே வெட்டிவிட வேண்டும். அடுத்த ஆண்டு மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். தாமதித்து வெட்டினால், வெட்டுவது கிளையை அல்ல, பூவை.