உக்ரைனியரை எங்ஙனம் அழைப்பது?

அயல்நாட்டார் ஒருவரைக் காணுங்கால் நாம் முதற்கண் வினவுவது அவருடைய பெயரும் நாடுமே. அவர் 'உக்ரைன்' என்று விடையிறுப்பின், நம்மவருட் பலர் "ஓ, ருஷியாவா!" என்று முகமலர்ந்து கூறிவிடுகின்றனர். தீய எண்ணம் சிறிதுமின்றியே கூறுகின்றனர்; நட்புக்கு அது நல்ல தொடக்கமென்றும் கருதுகின்றனர். கேட்பவர்க்கோ அச்சொல் முள்ளாய்த் தைக்கின்றது. அது தைப்பதன் காரணத்தை அறியாதவரை, அந்நாட்டாருடைய பழக்கவழக்கங்களை எத்துணை மனப்பாடஞ் செய்யினும் பயனில்லை என்பது எமது துணிபு.

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தியன்று. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் ருஷியப் படைகள் அந்நாட்டினுட் புகுந்தபோது, ஆங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் இந்திய மாணவர் பல்லாயிரவர் பயின்றுகொண்டிருந்தனர்; தமிழ்நாட்டாரும் அவருட் பலர் இருந்தனர். அதன்பின் இலட்சக்கணக்கான உக்ரைனியர் போலந்து, ஜெர்மனி, கனடா முதலிய நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். மேற்படிப்புக்காக அந்நாடுகளுக்குச் செல்லும் நம் கல்லூரி மாணவர், வகுப்பறையிலோ விடுதியிலோ அவர்களைச் சந்திப்பது இயல்பே.

உக்ரைனியருக்கு அவர்தம் பெயர் எளிதிற் கிடைத்ததன்று. 1863-ஆம் ஆண்டில் ருஷியப் பேரரசின் உள்நாட்டமைச்சராயிருந்த வலூயெவ் என்பார் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். உக்ரைனிய மொழியெனத் தனியே ஒன்று இருந்ததுமில்லை, இருப்பதுமில்லை, இருத்தல் இயலுவதுமில்லை என்னும் கருத்து அதன்கண் காணப்படுகின்றது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1876-இல், அரசர் இரண்டாம் அலெக்சாந்தர் எம்ஸ் என்னும் ஜெர்மானிய ஊரில் தங்கியிருந்தபோது, அம்மொழியில் நூல் அச்சிடுதலையும், அயல்நாட்டில் அச்சிட்டவற்றைக் கொணர்தலையும், நாடகம் நடித்தலையும் தடுத்து ஆணை பிறப்பித்தார். இல்லாத மொழியைத் தடுத்தற்கும் ஓர் ஆணை வேண்டியிருந்தது போலும்!

அம்மொழியின் பெருங்கவிஞர் தராஸ் ஷெவ்செங்கோ 1814-இல் பண்ணையடிமையாய்ப் பிறந்தவர். ஓவியப் புலமையால் நண்பர்களைப் பெற்று, அவர்கள் திரட்டிய பொருளால் 1838-இல் விடுதலையடைந்தார். இரண்டாண்டிற்குள் தம் முதற் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 1847-இல் சிறைப்பட்டுச் சாதாரணப் படைவீரராய்த் தொலைவிடத்திற்கு அனுப்பப்பட்டபோது, அவர் எழுதவுங்கூடாது, ஓவியந் தீட்டவுங்கூடாது என்று அரசர் நிக்கலஸ் தம் கையாலேயே தீர்ப்பில் வரைந்து சேர்த்தார். கவிஞர் ஒருவர்க்கு இதனினும் கொடிய தண்டனை யாது?

இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்தது இன்னுங் கொடிது. 1932, 1933-ஆம் ஆண்டுகளில் ஸோவியத்து அரசினர் உழவர்களிடமிருந்து தானியத்தை வன்முறையாற் பறிக்க, விளைநிலம் மிக்க அந்நாட்டிலேயே பல இலட்சம் மக்கள் பட்டினியால் மாண்டனர். அப்பஞ்சம் நிகழ்ந்ததென்று வாய்திறந்து கூறுதலும் பல்லாண்டுகள் தடைப்பட்டிருந்தது. இன்று நவம்பர் மாதத்து நான்காஞ் சனிக்கிழமையில் உக்ரைனியர் சாளரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தாரை நினைக்கின்றனர். அவர்களிடம், "பஞ்சம் எந்நாட்டிலும் வருவதுதானே" என்று கூறுதல் பெருங்கொடுமையாம். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைப்பற்றி அயலான் ஒருவன் நம்மிடம் அவ்வாறு கூறின் நாம் பொறுப்போமா?

1991-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் தனிநாட்டை ஆதரித்தனர். எனினும், 2021 ஜூலையில் ருஷிய அதிபர் பூதின் எழுதி வெளியிட்ட நீண்ட கட்டுரையொன்று, ருஷியரும் உக்ரைனியரும் ஒரே மக்களே என்று வாதித்தது. எட்டு மாதத்திற்குள் படை வந்தது. ஆதலின், "நீங்கள் இருவரும் ஒரு தாய் மக்கள், உடன்பிறந்தார் பூசல் விரைவிற் றீரும்" என்று நாம் ஆறுதலாகக் கூறுஞ் சொல், அவர் செவிக்குப் படையெடுப்பின் நியாயமாகவே ஒலிக்கின்றது. சொன்னவர் அன்பாற் சொன்னார் என்பது அதன் பொருளை மாற்றாது.

ருஷியா நமக்குப் பழைய நண்பனாயிற்றே, பிலாய் உருக்காலைக்குத் துணைநின்ற நாட்டை மறப்பதா என்று சிலர் வினவுவர். மறக்கவேண்டுவதில்லை. அரசுகளின் நட்பு ஒன்று. எதிரே அமர்ந்திருக்கும் மனிதரை அவர் பெயரால் அழைப்பது மற்றொன்று. முன்னதைப்பற்றி எவரும் எக்கருத்துங் கொள்ளலாம். பின்னதில் இரண்டு கருத்துக்கு இடமிருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. பெயர் அற்பமென்பாரும் உளர். தம் பெயரைப் பிறர் திரித்து எழுதியவிடத்து அவர்களே முதலிற் சினப்பதைக் கண்டிருக்கின்றோம்.

தலைநகரை 'கீவ்' என்பது உக்ரைனியரின் ஒலிக்கு அணித்தாயது. 'கீயெவ்' என்பது ருஷிய வழக்கு. அந்நாட்டு அதிபர் வொலோதிமிர் செலென்ஸ்கியை 'விளாதிமிர்' என்றழைத்தல், அவர் பெயரை அவருடைய பகைவரின் பெயராக்கிவிடுதலாம். ஆங்கிலத்தில் எழுதும் மாணவர், நாட்டின் பெயருக்கு முன் 'தி' என்னுஞ் சொல்லைச் சேர்த்தலாகாது. அது நாட்டை ஒரு பெருநிலத்தின் பகுதிபோலக் காட்டுவதாக அவர்கள் வருந்துகின்றனர். தமிழுக்கு இத்தொல்லை இல்லை.

அம்மொழியின் இலக்கணத்தில் நமக்கு மகிழ்ச்சி தருவதொன்றுண்டு. தமிழிலக்கண நூலார் எட்டாவதாக எண்ணும் விளிவேற்றுமை, உக்ரைனிய மொழியில் ஏழாம் வேற்றுமையாய் இன்றும் நிற்கின்றது; ருஷிய மொழியிலோ பெரும்பாலும் வழக்கொழிந்தது. ஒக்ஸானா என்னும் பெண்ணை 'ஒக்ஸானோ' என்று விளிப்பர். இவான் என்பானை 'இவானே' என்பர். 'இவானே' என்று விளிக்கத் தமிழருக்கு எவரும் கற்பிக்கவேண்டுவதில்லை!

ஓர் எச்சரிக்கை. உக்ரைனியருள் ருஷிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர். செலென்ஸ்கியே அம்மொழி பேசுங் குடும்பத்திற் பிறந்தவர். ஆகவே ஒருவர் பேசும் மொழியைக்கொண்டு அவர் நாட்டுப்பற்றை அளத்தல் தகாது. ஆயினும் அவர் விருப்பத்தைக் கேளாமல் நாமே ருஷிய மொழியிற் பேச்சைத் தொடங்குவதும் முறையன்று. வீடு நிற்கின்றதா, உறவினர் உளரா என்று முதற் சந்திப்பிலேயே துருவிக் கேட்பதைத் தவிர்க்க. அயல்நாட்டில் வாழும் இளைஞனை நோக்கி, "நீ ஏன் போருக்குச் செல்லவில்லை?" என்று வினவுவோரும் இருக்கின்றனர். அவ்வினாவுக்கு நம்மிடம் விடை கூற அவன் கடமைப்பட்டவனல்லன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கூறுவோர் நாளை அறிந்து கூறுக. முன்னர் ஜனவரி 7-ஆம் நாளே அங்கு விடுமுறையாயிருந்தது. 2023-இல் இயற்றிய சட்டத்தால் டிசம்பர் 25-க்கு மாற்றப்பெற்றது. பழைய நாளையே போற்றுவோரும் சிலர் உளர். 'போர்ஷ்ச்' என்னும் செங்கிழங்குக் குழம்பை ருஷிய உணவென்று புகழ்ந்துண்ணுதல் விருந்தோம்பியவளை நோகச் செய்யும். உக்ரைனிய முறையில் அதனைச் சமைக்குங் கலையை, அவசரமாகப் பேணத்தக்க மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2022-இல் சேர்த்துள்ளது.

எஞ்சியன எளியவை, பிழைத்தாலும் நகைத்து மன்னிப்பர். வீட்டினுள் மிதியடியைக் கழற்றுதல் நமக்குப் புதிதன்று. வாயிற்படியின் இருபுறமும் நின்று கைகுலுக்குதல் ஆகாதென்பர். நிலைப்படிக்கு அப்பாலும் இப்பாலும் நின்று பொருள் கொடுத்து வாங்காத நம் பாட்டிமார் இதனை உடனே ஒப்புக்கொள்வர். பூங்கொத்துக் கொண்டு செல்வோர் மலர்களை எண்ணிக்கொள்க. இரட்டைப்படை எண்ணில் மலர் வைப்பது இறந்தார்க்கே; விருந்துக்குச் செல்வோர் ஒற்றைப்படையாகவே கொண்டு செல்லல் வேண்டும். பூ விற்பாரிடம் காரியத்தைச் சொன்னால் அவரே எண்ணித் தருவர்.