நற்பெயருக்கு மட்டும் தேய்மானம் இல்லையா?

புணே நகரின் கோந்த்வாவில் தேசிய வங்கி மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. 1969இல் ரிசர்வ் வங்கி தோற்றுவித்த அந்த நிறுவனத்தின் சுருக்கப் பெயரே அங்குள்ள சாலைக்கும் பெயராகி, என்.ஐ.பி.எம். சாலை என்று ஊரார் வாயில் வழங்குகிறது. கடன் கேட்டு வரும் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைக் கையில் எடுக்கும் வங்கி அலுவலர் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று, அதிலுள்ள நற்பெயரையும் பிற புலனாகாச் சொத்துகளையும் கழித்துவிட்டு, எஞ்சும் நிகர மதிப்பு எவ்வளவு என்று பார்ப்பது. வங்கியின் சொந்த மூலதனத்துக்கும் அதே விதிதான். பாசல் 3 ஏற்பாட்டின்படி, முதல்தர மூலதனத்திலிருந்து நற்பெயர் முழுமையாகக் கழிக்கப்பட வேண்டும். கடன் கொடுப்பவர் ஒரு காசுக்கும் மதிக்காத இந்தச் சொத்தை, கணக்கியல் தரம் மட்டும் காலவரையின்றி முழு மதிப்பில் வைத்துக்கொள்ள இடங்கொடுக்கிறது. இந்த முரண்பாட்டை வணிகவியல் துறைகள் இத்தனை ஆண்டுகளாகப் பேசாமல் கடந்துவந்திருப்பது வியப்புக்குரியது, வருத்தத்துக்கும் உரியது.

நற்பெயர் என்றால் என்ன? மேல்நிலை வகுப்பிலேயே கற்பிக்கப்படும் பாடம்தான். ஒரு நிறுவனத்தை மற்றொன்று 1,000 கோடி ரூபாய்க்கு வாங்குகிறது. நிலம், ஆலை, காப்புரிமை, வணிகக்குறி என அடையாளம் காணத்தக்க அனைத்தையும் மதிப்பிட்டுப் பொறுப்புகளைக் கழித்தால் 600 கோடிதான் தேறுகிறது. மீதி 400 கோடிக்குப் பெயர் நற்பெயர். அந்த 400 கோடியில் தேர்ந்த பணியாளர் குழுவும் இருக்கலாம். எதிர்கால வளர்ச்சி பற்றிய நம்பிக்கையும் இருக்கலாம். ஏலத்தில் போட்டியாளரை வீழ்த்தியே தீர்வது என்ற வீம்புக்குக் கொடுத்த கூடுதல் விலையும் இருக்கலாம். மூன்றும் ஒரே வரியில், ஒரே பெயரில் சொத்தாகப் பதிவாகின்றன. வீம்புக்குக் கொடுத்த விலையை நற்பெயர் என்றழைக்கும் துணிவு கணக்கியலுக்கு மட்டுமே உண்டு.

கோந்த்வாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹடப்சரில் சுஸ்லான் எனர்ஜி நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் பயணம் செய்த தமிழர்க்கு அந்நிறுவனத்தின் காற்றாலைகள் அறிமுகமானவை. 2007இல் ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தை வாங்க, பிரான்ஸின் அரேவாவோடு சுஸ்லான் போட்டியிட்டது. அரேவா பங்கொன்றுக்கு 105 யூரோ என்றது. சுஸ்லான் 126 என்றது. அரேவா 140க்கு ஏறியது. சுஸ்லான் 150 யூரோவில் வென்றது. அதாவது ரீபவரின் மொத்த மதிப்பு சுமார் 135 கோடி யூரோ என்று அந்த ஏலம் முடிவுசெய்தது. 105க்கும் 150க்கும் இடையில் சில மாதங்களே ஓடின. அதற்குள் ரீபவரின் ஆலையோ தொழில்நுட்பமோ அந்த அளவுக்குப் பெருகிவிடவில்லை, பெருகியது விலை. விலையோடு சேர்ந்து, பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பில் நற்பெயரும் சுஸ்லானின் ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் ஏறியது.

அடுத்து நடந்தவை ஊரறிந்தவை. உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் காற்றாலைச் சந்தை சுருங்கியது. 2012 அக்டோபரில், சுமார் 20 கோடி டாலர் மதிப்புள்ள மாற்றத்தக்க கடன்பத்திரங்களை உரிய நாளில் சுஸ்லானால் திருப்பிச் செலுத்த முடியவில்லை. 2013இல், பாரத ஸ்டேட் வங்கியின் தலைமையிலான வங்கிகள் சுமார் 9,500 கோடி ரூபாய்க் கடனை மறுசீரமைத்தன. 2014இன் தொடக்கத்தில் ரீபவர் என்ற பெயரே மறைந்து சென்வியன் ஆயிற்று. 2015இல் அந்தச் சென்வியன் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு 100 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. 2014-15ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த நட்டம் 9,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு சென்வியன் விற்பனையை ஒட்டிய எழுதிக்குறைப்பு.

இதில் எவர் மீதும் மோசடிப் பழி சுமத்த வேண்டியதில்லை. விதி அனுமதித்ததையே நிறுவனம் செய்தது. பழிக்கப்பட வேண்டியது விதி. வாங்கிய நிறுவனத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டால், அன்றைய கணக்கியல் தரம் 14இன் கொள்முதல் முறைப்படி, நற்பெயரைப் பொதுவாக 5 ஆண்டுகளுக்குள் போக்கெழுத வேண்டும். கரைத்துக்கொள்ளாமல் துணை நிறுவனமாக வைத்துக்கொண்டால், கணக்கியல் தரம் 21 அப்படி எந்தக் கட்டளையும் இடவில்லை. மதிப்பிழப்பு நேர்ந்திருக்கிறதா என்று சோதித்தால் போதும். ஒரே நாடு, ஒரே பொருள், இரண்டு நீதி. 2016 முதல் இந்தியக் கணக்கியல் தரங்கள் 103, 36 ஆகியவை பெருநிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தபோது இந்த இரட்டை நீதி ஒழிந்தது. ஆனால் ஒழிந்த முறைதான் கேள்விக்குரியது: கட்டாயப் போக்கெழுதல் நீக்கப்பட்டு, ஆண்டுக்கொரு சோதனை மட்டுமே பொதுவிதி ஆனது. இரண்டு பாதைகளில் தளர்ந்ததையே நாடு தேர்ந்துகொண்டது.

அந்தச் சோதனை எத்தகையது? நற்பெயர் அடங்கிய வணிகப் பிரிவிலிருந்து எதிர்காலத்தில் வரக்கூடிய பணத்தை மதிப்பிட்டு, ஒரு தள்ளுபடி வீதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைத்து, ஏட்டு மதிப்போடு ஒப்பிட வேண்டும். வரவு செலவுத் திட்டத்தை வகுப்பது நிர்வாகம். வளர்ச்சி வீதத்தையும் தள்ளுபடி வீதத்தையும் முன்மொழிவதும் நிர்வாகம். வினாத்தாளைத் தானே எழுதி, விடையைத் தானே எழுதி, மதிப்பெண்ணையும் தானே இட்டுக்கொள்ளும் தேர்வு இது. தணிக்கையாளர் மேற்பார்வையாளராக அறையில் நிற்கிறார் என்பது மெய். ஆனால் எதிர்காலத்தைத் தணிக்கை செய்யும் கருவி எவரிடமும் இல்லை.

எளிய கணக்கு ஒன்றே போதும். ஒரு பிரிவு அடுத்த ஆண்டு 100 கோடி ரூபாய் ஈட்டும். அதன்பின் ஆண்டுக்கு 4 விழுக்காடு வளரும். தள்ளுபடி வீதம் 12 விழுக்காடு. 100ஐ 8 விழுக்காட்டால் வகுத்தால் மதிப்பு 1,250 கோடி. வளர்ச்சி 5 விழுக்காடு என்று எழுதினால் அதே பிரிவின் மதிப்பு ஏறத்தாழ 1,429 கோடி. ஏட்டு மதிப்பு 1,400 கோடி என்றால், முதல் கணக்கில் 150 கோடி மதிப்பிழப்பு, இரண்டாவதில் ஒன்றுமில்லை. ஒரு விழுக்காடு நம்பிக்கை 150 கோடி நட்டத்தை விழுங்கிவிடுகிறது. அந்த ஒரு விழுக்காடு தவறென்று எவராலும் அன்றே மெய்ப்பிக்க இயலாது. சில ஆண்டுகள் கழித்து மெய்ப்பிக்கப்படும்போது, அதை எழுதியவர் பெரும்பாலும் அந்தப் பதவியில் இருப்பதில்லை.

இன்னொரு மறைவிடமும் உண்டு. வாங்கிய வணிகத்தை ஏற்கெனவே செழிப்பாக உள்ள பிரிவோடு சேர்த்துவிட்டால், பழைய பிரிவின் வளம் புதியதன் வறுமையை மூடிக்கொள்ளும். பழைய பிரிவின் ஏட்டு மதிப்பு 300 கோடி, மெய்மதிப்பு 700 கோடி என்று கொள்வோம். 500 கோடிக்கு வாங்கிய வணிகம் 200 கோடி மதிப்புக்கு வீழ்ந்தாலும், இரண்டும் சேர்ந்த ஏட்டு மதிப்பு 800 கோடி, மெய்மதிப்பு 900 கோடி. சோதனை நிறைவேறிவிட்டது! 300 கோடி ரூபாய் கண்ணெதிரே கரைந்திருக்க, கணக்கேடு நலமே உளதென்று எழுதுகிறது. நெல்லோடு சேர்ந்து புல்லும் நீர் குடிப்பது வயலில் இயல்பு. கணக்கேட்டில் அந்தப் புல்லுக்கு நெல்லின் விலையும் கிடைக்கிறது.

இதன் விளைவு காலதாமதம். டாடா ஸ்டீல் 2007இல் பிரேசில் நாட்டுப் போட்டியாளரை வென்று, பங்கொன்றுக்கு 608 பென்ஸ் வீதம் கோரஸ் நிறுவனத்தை வாங்கியது. மறு ஆண்டே உலக நெருக்கடி வெடித்து, ஐரோப்பிய எஃகுத் தேவை சரிந்தது. நற்பெயரும் பிற சொத்துகளும் சேர்ந்து 8,356 கோடி ரூபாய் எழுதிக்குறைக்கப்பட்டதோ 2012-13ஆம் ஆண்டுக் கணக்கில். இதற்கு மறுதலையாக ஜப்பானைப் பார்க்கலாம். 2008இல் ரான்பாக்சியைப் பங்கொன்றுக்கு 737 ரூபாய் கொடுத்து வாங்கிய தாய்ச்சி சாங்கியோ, அப்பங்கின் சந்தை விலை சரிந்ததைக் காரணமாகக் காட்டி, மறு ஆண்டின் தொடக்கத்திலேயே சுமார் 35,000 கோடி யென் அளவுக்கு நற்பெயரை எழுதிக்குறைப்பதாக அறிவித்தது. ஜப்பானியத் தரம் நற்பெயரை 20 ஆண்டுகளுக்குள் போக்கெழுதவும் கட்டாயப்படுத்துகிறது. அதனால் ஜப்பானிய நிறுவனங்கள் அயல்நாட்டில் கொள்முதல் செய்வதை விட்டுவிடவில்லை. முதலாளித்துவமும் அங்கே முடங்கிவிடவில்லை.

எதிர்வாதம் செய்வோர் சொல்வது என்ன? நற்பெயர் ஒரே சீராகத் தேய்வதில்லை. எனவே ஆண்டுதோறும் ஒரு பங்கைக் கழிப்பது தன்னிச்சையானது என்பது முதல் வாதம். ஆலை இயந்திரம் மட்டும் சீராகத் தேய்கிறதா? அதன் ஆயுள் 15 ஆண்டு என்பதும் மதிப்பீடுதானே? தேய்மானம் எப்போதுமே ஓர் ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. துல்லியமாக அளக்க இயலாது என்பதற்காகத் தேய்வே இல்லை என்று எழுதுவது, எடை தெரியாத மூட்டைக்கு எடையே இல்லை என்பதற்கு ஒப்பாகும். சுஸ்லானின் கதையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இந்நாட்டில் காற்றாலை வாங்கிய தொழிலதிபர் பலரை ஈர்த்ததே வருமான வரிச் சட்டம் அளித்த விரைவுத் தேய்மானம்தான். ஒரு காலத்தில் அது 80 விழுக்காடு. கண்ணெதிரே சுழன்று மின்சாரம் தரும் இரும்புக் கோபுரம் அன்று முதல் ஆண்டிலேயே பெரும்பகுதி தேய்ந்துவிட்டது. காற்றாலை நிறுவனத்தை வாங்கக் கொடுத்த கூடுதல் விலையோ ஆண்டுக்கணக்கில் தேயாமல் நிற்கிறது!

நன்றாக நடத்தப்படும் நிறுவனத்தில் நற்பெயர் குறைவதே இல்லை, வளரவும் செய்கிறது என்பது இரண்டாம் வாதம். 2021இல் வருமான வரிச் சட்டத்தில் நற்பெயருக்கான தேய்மானம் நீக்கப்பட்டபோதும் இதையொத்த காரணமே கூறப்பட்டது; நற்பெயரும் தேய்மானத்துக்குரிய சொத்தே என்று 2012இல் ஸ்மிஃப்ஸ் செக்யூரிட்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்த நிலை அத்தோடு முடிவுக்கு வந்தது. இந்த வாதம்தான் தன்னைத்தானே வீழ்த்திக்கொள்கிறது. வாங்கிய நாளில் இருந்த பணியாளர் ஓய்வு பெறுகின்றனர், வாடிக்கையாளர் மாறுகின்றனர், தொழில்நுட்பம் பழையதாகிறது. பத்தாண்டு கழித்தும் மதிப்பு நிலைத்திருக்கிறதென்றால், இடையில் செலவிட்ட உழைப்பும் விளம்பரமும் ஆராய்ச்சியும் புதிய நற்பெயரை உண்டாக்கியிருக்கின்றன என்றே பொருள். தானே உண்டாக்கிய நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்று இந்தியக் கணக்கியல் தரம் 38 திட்டவட்டமாகத் தடுக்கிறது. முன்வாசலில் தடுத்த பொருளைத் தரம் 36 பின்வாசல் வழியே அழைத்து வருகிறது. இரண்டு தரங்களுள் ஒன்று பிழை.

இந்தப் பிழையால் தண்டிக்கப்படுபவர் யார்? மூன்று தலைமுறையாக ஓர் ஊரில் பெயரெடுத்து, எவரையும் விலைக்கு வாங்காமல் வளர்ந்த நிறுவனத்தின் ஏட்டில் நற்பெயரின் மதிப்பு சுழியம். கடன் வாங்கி அயலாரை விலைக்கு வாங்கிய நிறுவனத்தின் ஏட்டில் அது ஆயிரக்கணக்கான கோடி. பெயரைச் சம்பாதித்தவருக்கு இடமில்லை. பெயருக்கு விலை கொடுத்தவருக்குச் சொத்து. தாமதமாக வரும் எழுதிக்குறைப்பின் சுமையோ, இலாபம் இருப்பதாக நம்பிப் பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளர் மீதும், கடன் கொடுத்த பொதுத்துறை வங்கிகள் மீதும் விழுகிறது.

உலகத் தரத்திலிருந்து இந்தியா தனித்து விலக இயலாது என்பது இறுதி வாதம். அதற்கு விடை தரம் 103க்குள்ளேயே இருக்கிறது. மெய்மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு ஒரு நிறுவனத்தை வாங்கினால் கிடைக்கும் ஆதாயத்தை, பன்னாட்டுத் தரம் நேரே இலாப நட்டக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. இந்தியத் தரம் அதை மறுத்து, மூலதனக் காப்பில் வைக்கச் சொல்கிறது. மலிவாக வாங்கியதில் வரும் இலாபத்தை நம்பாத அந்த நிதானம் பாராட்டத்தக்கது. மிகை விலை கொடுத்ததில் ஒளிந்திருக்கும் நட்டத்துக்கும் அதே நிதானத்தை நீட்டுவதில் தடை என்ன? பன்னாட்டு வாரியம் 2022இல் போக்கெழுதலை மீண்டும் கொணர்வதில்லை என்று முடிவெடுத்திருக்கலாம். அமெரிக்க வாரியமும் அதே ஆண்டு தன் திட்டத்தைக் கைவிட்டிருக்கலாம். அவர்களுடைய தயக்கம் இந்நாட்டு முதலீட்டாளரைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை.

ஆகவே கோரிக்கை தெளிவானது. வாங்கிய நற்பெயரை 10 ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்தில் போக்கெழுதுவதைக் கம்பெனி விவகார அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும். மதிப்பிழப்புச் சோதனை அதற்குத் துணையாக நிற்கட்டும். வாங்கிய நாளில் நிர்வாகம் கொடுத்த வாக்குறுதிகளும் ஒவ்வோர் ஆண்டும் அவை நிறைவேறிய அளவும் அருகருகே அச்சிடப்பட வேண்டும். ஆய்வாளர்க்கும் ஒரு கடமை இருக்கிறது. நற்பெயரின் மதிப்பிழப்பை ஆராய்வோர் எழுதிக்குறைத்த நிறுவனங்களை மட்டுமே மாதிரியாகக் கொள்ளலாகாது. எழுதிக்குறைக்க வேண்டியிருந்தும் எழுதாத நிறுவனங்களும் கணக்கெடுப்பில் வர வேண்டும். நோயாளிப் பதிவேட்டை மட்டும் பார்த்து ஊரின் உடல்நலத்தை அளப்பது எவ்வகை ஆய்வு?

கோந்த்வாவில் நற்பெயரைக் கழித்துக் கணக்கிடும் வங்கியாளர், உலகம் அறிந்த எளிய உண்மையைத்தான் ஒப்புக்கொள்கிறார். ரீபவர் என்ற பெயர் 2014இல் மறைந்தது. அதன் இடத்தில் வந்த சென்வியன் 2019இல் நொடிப்பு மன்றம் ஏறியது. பெயரே தேயும் உலகில், பெயருக்குக் கொடுத்த விலை மட்டும் தேயாது என்று எழுதிவைக்கும் ஏட்டைக் கணக்கேடு என்று மாணவருக்குக் கற்பிப்பது இனியும் தகாது.