வாசலில் நின்றுவிடும் செருப்பு

செருப்பைப் பற்றி இலக்கிய இதழ் வாசகர்களிடம் பேச என்ன இருக்கிறது என்ற கேள்வி எழக்கூடும். இராமனின் பாதுகைகளைப் பரதன் அரியணையில் வைத்து நாடாண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் நம் வீட்டுச் செருப்புக்கு வாசற்படிக்கு வெளியேதான் இடம் தந்திருக்கிறோம். இன்னார் இன்ன தெருவில் செருப்பணிந்து நடக்கலாகாது என்று சாதியின் பெயரால் தடுத்த வரலாறும் நமக்கு உண்டு. ஆகவே செருப்பு நம்மிடையே ஒருபோதும் காலைக் காக்கும் கருவியாக மட்டும் இருந்ததில்லை. இந்தப் பின்புலத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, நோயுற்ற பாதங்களுக்கென்றே செய்யப்படும் செருப்புகளையும் கால்தாங்கிகளையும் பற்றிச் சிலவற்றைக் கூற விழைகிறோம். மருத்துவ நோக்கில் மிக நன்றாகச் செய்யப்பட்டவையாக இருந்தும் அவை பல வேளைகளில் காலில் இருப்பதில்லை. நோயாளியின் அலட்சியமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அது பெரும்பாலும் அநியாயமான தீர்ப்பு என்பதே நம் கருத்து.

இத்துறையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கை அன்று மருத்துவர்களிடையேகூட நிலவியது. பிராண்டும் அவருடைய சகாக்களும் பொறுமையாகக் கவனித்து வேறொரு முடிவுக்கு வந்தார்கள். நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கிறது. சதை தானாக அழுகுவதில்லை. சுடுகிற பாத்திரத்தை விடாமல் பற்றியிருப்பது, ஆணி தைத்ததை அறியாமல் நடப்பது, இரவில் எலி கடிப்பதை உணராமல் உறங்குவது என்று அன்றாடக் காயங்களே உறுப்புகளைச் சிறுகச் சிறுகத் தின்றுவந்தன. இதை அறிந்தபின் நோயாளிகளுக்கு எலிகளிடமிருந்து காவலாகப் பூனைகளைக் கொடுத்தார்கள் என்பது இத்துறையில் அடிக்கடி நினைவுகூரப்படும் செய்தி. வலியை ஒரு கொடை என்றே வாதிட்டு ஃபிலிப் யான்சியுடன் சேர்ந்து 1993இல் பிராண்ட் ஒரு நூலும் எழுதினார்.

கையைக் காட்டிலும் பாதத்துக்கு ஆபத்து மிகுதி, உடலின் எடை முழுவதையும் அது தாங்கவேண்டியிருப்பதால். உணர்ச்சியுள்ளவர் நெடுந்தூரம் நடக்கையில் தம்மையறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். ஓரிடம் நோகத் தொடங்கியதும் எடை குதிகாலுக்கோ பாதத்தின் ஓரத்துக்கோ நகர்ந்துவிடுகிறது. உணர்வற்ற பாதத்துக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கான அடிகளும் ஒரே இடத்தில், பெரும்பாலும் விரல்களுக்குப் பின்னால் உள்ள எலும்பு முனைகளின் கீழே, விழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு முறை விழுந்தால் எந்தத் தீங்கும் செய்யாத மிதமான அழுத்தம் ஓயாமல் விழும்போது சதை கன்றி, உள்ளே கொப்புளித்து, பிறகு புண்ணாக வெளிப்படுகிறது. புண்ணுக்கு மருந்து தடவுவதைவிட அழுத்தத்தை அகற்றுவதே முதன்மை. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களிலேயே இத்தகைய பாதங்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் புண்களை ஆற்றினார். உள்ளங்கால் முழுவதும் படியுமாறு போடப்படும் அந்தக் கட்டு எடையை ஒரு புள்ளியில் குவியவிடாமல் பரப்பிவிடுகிறது. இன்று நீரிழிவுப் புண்களுக்கு உலகெங்கும் போடப்படுவது அதன் வழிவந்த கட்டுதான்.

கட்டைப் பிரித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக வந்ததே எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணறைகள் கொண்ட மென்ரப்பரை அட்டையாக வைத்துச் செய்யப்படும் இதன் இலக்கணம் எளிமையானது. உள்ளட்டை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமும் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீளும் மென்மையும் உடையதாக இருக்கவேண்டும். அடித்தோல் முள்ளும் கண்ணாடிச் சில்லும் துளைக்க முடியாத அளவுக்குக் கடினமாக இருக்கவேண்டும். ஆணி எங்கும் அடிக்கலாகாது. தையலும் பசையும் மட்டுமே. குதிகாலுக்குப் பின்னால் வார் இருந்தாகவேண்டும். விரலிடுக்கில் பிடித்து நிற்கும் ஹவாய் செருப்பு உணர்வற்ற காலிலிருந்து நழுவிப் போனாலும் அணிந்தவருக்குத் தெரியாது. பாதம் உருக்குலைந்திருந்தால் அச்செடுத்து வார்த்த அட்டை தேவைப்படும். முன்பாதத்தில் புண் திரும்பத் திரும்ப வருமானால் வளையாத அடித்தட்டின் கீழே, எலும்பு முனைகளுக்குச் சற்றுப் பின்னால், ஒரு வளைமேட்டை வைப்பார்கள். ராக்கர் எனப்படும் இம்முறையில் பாதம் மடங்காமல், தொட்டில் ஆடுவதுபோல உருண்டு முன்செல்கிறது. 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையமும் வேலூரும் இந்த அறிவை வளர்த்தெடுத்த இடங்களில் முதன்மையானவை. அறுவை மருத்துவர்களின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. அச்செடுத்து, அறுத்து, தேய்த்து, தைத்துக் கொடுத்த தொழிலாளர்களின் பெயர்களை நாம் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

இத்துணை நுட்பமான பொருள் ஏன் காலுக்கு வராமல் நின்றுவிடுகிறது? இரண்டு இடங்களில் அது தடுக்கப்படுகிறது என்று நாம் கருதுகிறோம். ஒன்று தெரு. மற்றொன்று வீட்டு வாசல்.

தெருவை முதலில் எடுத்துக்கொள்வோம். கறுப்பு ரப்பர், அகன்ற பட்டைகள், கனத்த அடித்தட்டு என்று நெடுங்காலம் ஒரே வார்ப்பில் வந்த எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தவுடன், அணிந்தவரின் நோய் இன்னதென்று ஊருக்குத் தெரிந்துவிடும். தொழுநோயைப் பாவத்தின் சம்பளமாகக் கண்ட சமூகம் நம்முடையது. 1954இல் வந்த ரத்தக்கண்ணீர் திரைப்படத்தில் நாயகனின் ஒழுக்கக்கேட்டுக்குத் தண்டனையாக வருவது இந்த நோய்தான். எம்.ஆர். ராதாவின் நடிப்பை நாம் இன்றும் வியக்கிறோம். அந்தக் கதை எத்தனை வீடுகளில் எத்தகைய அச்சத்தை உறுதிப்படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சட்டமும் பின்தங்கியே இருந்தது. மணமுறிவுக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து தொழுநோய் நீக்கப்பட்டது 2019இல்தான். கூட்டுமருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்து, நோய் முற்றிலும் குணமாகக்கூடியதாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்! இத்தகைய சூழலில், நோய் குணமாகிக் கிருமி இல்லாத உடலோடு ஒரு திருமண வீட்டுக்குப் புறப்படும் பெண், பட்டுப் புடவைக்குக் கீழே அந்தக் கறுப்புச் செருப்பை அணியத் தயங்கினால் அதை அலட்சியம் என்போமா? பாதத்தைக் காப்பதா, மானத்தைக் காப்பதா என்ற தேர்வை அவர்முன் வைத்தவர்கள் நாமல்லவா?

வீட்டு வாசல் இன்னும் நுட்பமான தடை. தொழுநோயாளிகளின் எண்ணிக்கை குறைந்துள்ளது என்றாலும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். நீரிழிவோ பெருவெள்ளமாகப் பரவியிருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின் மதிப்பீட்டின்படி நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களிலும் கணிசமானோரின் பாதங்கள் உணர்விழக்கின்றன. வேலூரில் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடத்தைப் பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின் நீரிழிவு நோயாளிகளுக்கும் பொருத்திக் காட்டினார். ஆனால் இந்தச் சிறப்புச் செருப்பை வாங்கிய குடும்பத் தலைவர் அதை எங்கே அணிகிறார்? அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும். வீடு திரும்பியதும் வாசலில் கழற்றிவிடுகிறார். சமையலறையில் நாள் முழுதும் நின்று நடக்கும் இல்லத்தரசிக்கு அது எப்போதாவது வெளியே போகும்போது மட்டுமே பயன்படுகிறது.

இது நம் நாட்டு வழக்கத்தின் குறை மட்டுமன்று. 2013இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவுப் பாதச் செருப்பு பெற்றவர்கள் வெளியே எடுத்துவைத்த அடிகளில் 87 சதவீதத்தை அச்செருப்போடு நடந்தார்கள். வீட்டுக்குள் 61 சதவீதம்தான். ஆனால் அவர்கள் அதிகமான அடிகளை வைத்ததோ வீட்டுக்குள். வீட்டில் செருப்போடு நடப்பதை யாரும் தவறென்று எண்ணாத நாட்டிலேயே இந்த நிலை என்றால் நம் வீடுகளைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. கோவிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கருங்கல் பிராகாரம், திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம், பழனிக்குப் பாதயாத்திரை. சூடு தெரியாத பாதத்தில் கொப்புளம் எழுந்ததை மறுநாள் வேறொருவர் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கும்.

கால்தாங்கி அணிவோரின் இடர் இதைவிடப் பெரிது. போலியோவால் கால் வலுவிழந்தவர்களுக்குத் தரப்பட்ட பழைய இரும்புக் கேலிப்பரின் கம்பிகள் பூட்ஸின் குதிகாலிலேயே பொருத்தப்பட்டவை. பூட்ஸைக் கழற்றினால் தாங்கியும் போயிற்று. அதாவது வாசலில் செருப்பைக் கழற்றுங்கள் என்று அவரிடம் கூறுவது, காலைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று கூறுவதற்கு ஒப்பானது. நரம்பு செயலிழந்து பாதம் தொங்கிவிட்டவர்களுக்குப் பின்னாளில் வந்த பிளாஸ்டிக் தாங்கி, கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி உள்ளங்காலின் கீழே படிவது, இலேசானது, ஷூவுக்குள் மறைந்துவிடுவது. ஆயினும் ஷூவின் குதிகால் உயரத்தைக் கணக்கிட்டே அதன் கோணத்தை அமைக்கிறார்கள். ஷூ இல்லாமல் அணிந்தால் கோணம் மாறி முழங்கால் தடுமாறும், தரையில் வழுக்கவும் செய்யும். செருப்பணிந்தே பழகிய, தரையில் சம்மணமிட்டு உண்ணும் மக்களை மனத்தில் கொண்டு அது வடிவமைக்கப்படவில்லை.

பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நோயாளிக்கு அறிவுரை கூறுவது ஒரு வழி. பழக்கத்துக்கு ஏற்பக் கருவியை மாற்றுவது வேறொரு வழி. இரண்டாம் வழி இயலக்கூடியதே என்பதற்கு ஜெய்ப்பூர்க் கால் சான்று. அன்றைய மேனாட்டுச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் இருக்கவேண்டிய பொருள். வெறுங்காலோடு வயலில் இறங்கும், குந்தி அமரும் உழவருக்கு அது உதவவில்லை. 1960களின் பிற்பகுதியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து, ஷூ இல்லாமல் நடக்கவும் குந்தவும் சம்மணமிடவும் கூடிய, பார்வைக்கும் பாதம் போலவே தோன்றும் ரப்பர்ப் பாதத்தை உருவாக்கினார்கள். தோற்றத்தையும் வழக்கத்தையும் அவர்கள் மருத்துவத்தின் பகுதியாகவே எண்ணினார்கள்.

உயிரும் காலும் தப்பினால் போதாதா, அழகு ஒரு கேடா என்று சிலர் கேட்பார்கள். ஏழைக்கு இலவசமாகத் தரும் பொருளில் நிறமும் மாதிரியும் எதற்கு என்றும் கேட்பார்கள். அணியப்படாத செருப்பினால் எந்தப் பாதமும் தப்பவில்லை என்பதே நம் மறுமொழி. மென்மையான அட்டையும் வளைமேடும் எவ்வளவு இன்றியமையாதவையோ அவ்வளவு இன்றியமையாதது, அதை அணிந்தவர் கூட்டத்தில் கலந்து நிற்க முடிவதும். இன்று சில இடங்களில் கடைச் செருப்பைப் போலவே தோன்றும் மாதிரிகள் செய்யப்படுகின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது. அது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகவேண்டும். தொழுநோயருக்கு ஒன்று, நீரிழிவுக்காரருக்கு ஒன்று என்று பிரிக்காமல் ஒரே செருப்பு எல்லாக் காலணிக் கடைகளிலும் கிடைக்குமானால் அடையாளமே அழிந்துவிடும். பத்துக் கோடிப் பேருக்குப் பொதுவான செருப்பைக் கொண்டு யாரையும் சுட்டிக்காட்ட முடியாது.

அடுத்து, வீட்டுச் செருப்பு. அரசுத் திட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு வழங்கும் ஏற்பாடு உண்டு. மென்ரப்பர் சில மாதங்களில் தட்டையாகிவிடுவதால் இரண்டாவது முதலாவதற்கு மாற்றாகத்தான் போய்ச் சேர்கிறது. தெருவைத் தொடாத, வீட்டுக்குள் மட்டும் புழங்கும் ஒரு ஜோடியைத் தனியே எழுதித் தருவது மருத்துவர்களின் வழக்கமாகவேண்டும். நம் ஆசாரம் தடுப்பது தெரு அழுக்கைத்தான் என்றால் தெருவுக்கே போகாத செருப்பின்மேல் அதற்கு என்ன மனத்தாங்கல் இருக்கமுடியும்? வீட்டுப் பெரியவர்களிடம் இதை எடுத்துரைப்பது மருத்துவரைவிட நமக்கு எளிது. கோவில்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். வெயிலுக்குத் தென்னைநார் விரிப்புப் போடவும் முதியோருக்குச் சக்கர நாற்காலி தரவும் முன்வந்த நிர்வாகங்கள், தூய துணியாலும் மென்ரப்பராலும் ஆன பாத உறையை அனுமதிப்பது மரபை மீறுவதாகாது.

எழுதுவோரும் வாசிப்போருமாகிய நமக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. எந்தப் பாதம் எந்தச் செருப்பை எங்கே அணியலாம் என்று நிர்ணயித்ததில் மருத்துவத்தைவிடக் கதைகளுக்கும் காட்சிகளுக்கும் பங்கு அதிகம். அடுத்த முறை ஒரு வாசலில் கனத்த அடித்தட்டுச் செருப்பு தனியே கிடப்பதைக் கண்டால் அதன் உரியவரை, அப்படியே போட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று அழைப்போம். அவ்வாறு அழைக்க அரசாணை எதுவும் தேவையில்லை.