கற்கத் தொடங்குபவருக்கு எஃபெக்ட்ஸ் பெட்டி எதற்கு?

சுரங்க ஊரான நெய்வேலியின் டவுன்ஷிப்பில் தீபாவளி போனஸ் கைக்கு வரும் நாட்களில், கிடார் சொல்லிக்கொடுக்கும் என் போன்றவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். "சார், பையன் கிடார் கத்துக்கணும்னு நிக்கிறான். கூடவே எந்த புராசஸர் வாங்கணும்? நல்ல டோன் வர்ற மாதிரி சொல்லுங்க." யாரிடம் கற்பது, தினம் எவ்வளவு நேரம் உட்காருவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். பல வீடுகளில் அந்தப் பேச்சு எழுவதே இல்லை. நல்ல நாதம் கடையில் கிடைக்கும் பொருள் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது. அது பொய்யான நம்பிக்கை. கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு அது கெடுதலும் செய்கிறது.

எந்தக் கருவிக்கும் இது பொருந்தும். ஆனால் தந்தியை விரலால் அழுத்தாமல் உருளையையோ இரும்புத் துண்டையோ மேலே வைத்து நகர்த்தி வாசிக்கும் கருவிகளில்தான் இந்தக் கெடுதல் முழுதாகத் தெரியும். நம்முடைய கோட்டுவாத்தியம், பழைய திரைப்பாடல்களில் கேட்டுப் பழகிய ஹவாயன் கிடார், அமெரிக்க கன்ட்ரி இசையின் பெடல் ஸ்டீல் கிடார் மூன்றும் இந்தக் குடும்பம். பெடல் ஸ்டீல் கிடாரை நெய்வேலியில் யார் வீட்டிலும் நான் பார்த்ததில்லை. அதற்குப் பெரும்பாலும் பத்துத் தந்திகள். காலால் மிதிக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் தந்தியின் சுருதியை வாசிக்கும்போதே மாற்றும். 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் வாசித்த பிறகுதான் அந்த ஓசை அங்கே பரவியது. இங்குள்ள பிள்ளைகள் சாதாரணக் கிடாரில் தந்திகளை உயர்த்திக் கட்டி, மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஸ்டீல் பாரைப் பிடித்துத் தொடங்குகிறார்கள். அதுவே போதுமான தொடக்கம்.

இந்த வகைக் கருவியில் பலகை மீதுள்ள கோடுகள் வெறும் அடையாளம்தான். வீணையில் மெட்டு சுரத்தைப் பிடித்துக் கொடுக்கும். இங்கே பிடித்துக் கொடுக்க எதுவும் கிடையாது. பார் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும். மேலே போகப் போக இடைவெளி சுருங்கும்: பன்னிரண்டாம் கோட்டில் பார் ஒரு மில்லிமீட்டர் விலகினால், முதல் கோட்டில் அதே விலகல் தரும் பிசகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பிசகும். அழுத்தம் குறைந்தால் தந்தி இரையும். கூடினால் சுருதி ஏறிவிடும். பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தி மேல் படிந்து வராவிட்டால், பின்பக்கத் தந்தி தன் போக்கில் முனகிக்கொண்டே இருக்கும். வலது கை ஒரு தந்தியை மீட்டி அடுத்ததற்குப் போகும்முன் முந்தையதை அடக்க வேண்டும். இத்தனையும் காதால் மட்டுமே பிடிபடும்.

இப்போது அந்த எஃபெக்ட்ஸ் பெட்டியை, அதாவது புராசஸரை, கிடாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே இணைத்துப் பாருங்கள். ரிவெர்ப் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வால் சேர்க்கும். அந்த வால் அடுத்த சுரத்தின் மேல் படர்வதால், சுரம் ஒரு மயிரிழை கீழே நின்றது கேட்காது. கம்ப்ரஸர் பலமாக மீட்டியதையும் மெதுவாக மீட்டியதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். தம்பியின் வீட்டுப்பாடத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கும் அண்ணனைப் போல அது உதவி செய்துகொண்டே இருக்க, விரல் ஒருபோதும் கணக்குப் போடக் கற்காது. நாய்ஸ் கேட் இரைச்சலை வெட்டிவிடும். தந்தியை அடக்காத குற்றம் அப்படியே இருக்கும். எந்தக் குறையைக் கேட்டுக் கை திருந்த வேண்டுமோ, அந்தக் குறையைக் காதுக்கு எட்டாமல் மறைப்பதற்குத்தான் அப்பா பணம் கட்டியிருக்கிறார்.

ஒரு மாணவனின் வீட்டில் இதை நேரில் கண்டேன். பெட்டி இயங்கியபோது அவன் வாசித்த மோகனம் சினிமாவில் வருவது போலவே மிதந்தது, வீட்டார் பூரித்துப்போனார்கள். கேபிளைக் கழற்றி நேரே ஆம்ப்ளிஃபையரில் செருகச் சொன்னேன். காந்தாரம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நின்றது. கனத்த தந்திகளில் பார் 'கிர்ர்' என்று உரசியது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் வேண்டாத எல்லாச் சுரமும் கேட்டது. அவன் முகம் சுருங்கிவிட்டது. உழைக்காத பையன் அல்ல அவன். பல மாதங்கள் தினமும் உட்கார்ந்திருக்கிறான். அத்தனை உழைப்பும் தப்பான இடத்தில் பாரை நிறுத்தப் பழகவே செலவாகியிருந்தது. எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. நல்ல டோன் வேண்டுமானால் இதை வாங்கு என்று அவனுக்குச் சொன்னவர்கள் மேல்தான் வந்தது.

கோட்டுவாத்தியத்தின் வரலாற்றைப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்கவே நிற்காது. திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டுவாத்தியக் கலைஞர். 1908இல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயர், வாய்ப்பாட்டுக்காரராக வளர்ந்தவர், அவரிடம் கற்றிருக்கிறார். ஒரு பாடகர் பாடம் கேட்கும் அளவுக்கு அந்தக் கருவியில் சுருதியும் கமகமும் சுத்தமாக இருந்தன. அந்த ஓசைக்குப் பின்னால் மின்சாரமே கிடையாது.

"அது அந்தக் காலம்" என்பார்கள். சரி, நம் காலத்துக்கே வருவோம். விஸ்வ மோகன் பட், ஹவாயன் கிடாரை மாற்றி அமைத்த தன் மோகன் வீணையில், அமெரிக்கக் கிடார் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து வாசித்த ஆல்பம் 1994இல் கிராமி விருது பெற்றது. அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயக் கூடத்தில் அது பதிவானது. பதிவு செய்த காவி அலெக்சாண்டர் இலங்கையில் பிறந்தவர். கம்ப்ரஷன் வேண்டாம், ஈக்வலைசர் வேண்டாம் என்பது அவர் வைத்திருந்த விதி. மைக் உயர்ந்த ரகம்தான், கூடமும் நல்ல கூடம்தான். ஆனால் கையில் இல்லாத எதையும் அந்த மைக் கூட்டவில்லை. வாசித்தவர்களின் விரல் செய்ததுதான் அதில் இருக்கிறது.

மின்சாதனம் எதுவுமே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆம்ப்ளிஃபையர் எலக்ட்ரிக் கிடாரின் பாதி உடம்பு. 1932இல் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் எலக்ட்ரிக் கிடாரே மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடார்தான். கூட்டத்தின் நடுவே கேட்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. பெடல் ஸ்டீல் வாசிப்பவருக்கு வால்யூம் பெடலும் வேண்டும். மீட்டிய ஒலி தேயத் தேய காலால் அதைத் தாங்கிப் பிடிப்பது அந்த வாசிப்பின் ஓர் அங்கம். ஆனாலும் தொடக்க மாதங்களில் அதைக்கூட ஒதுக்கி வைக்கலாம் என்பேன், மீட்டலின் கரடுமுரடைக் காலால் மூடிவிடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பதால். மற்றபடி கனமான நல்ல பார், விரலுக்குப் பொருந்தும் பிக், துருப்பிடிக்காத தந்தி, சுருதி பார்க்க ஏற்கெனவே கையில் இருக்கும் போன். இதற்கு மேல் ஆரம்பத்தில் எதுவும் தேவையில்லை.

இந்த மோகம் வீணையையும் விடவில்லை. பக்கத்துப் பண்ருட்டியின் பலாமரம் தஞ்சாவூருக்குப் போய் வீணையாகிறது. அந்தப் பலாக் குடம் எழுப்பும் நாதம் ஒரு குவார்ட்டர்ஸ் அறைக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கும். சரளி வரிசை தாண்டாத பெண்ணுக்கு அதில் காண்டாக்ட் மைக் எதற்கு?

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. நிரந்தர ஊழியர் வீட்டுப் பையன் பெட்டி வாங்கிவிடுகிறான். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் பையன், ஒரு பழைய கிடாரை வைத்துக்கொண்டு, "அதெல்லாம் வாங்க முடியாதுங்க சார், எனக்கு டோன் வராது" என்று ஒதுங்கிவிடுகிறான். வாங்கியவனின் காதைக் கெடுக்கும் அதே நம்பிக்கை, வாங்க முடியாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. உண்மையில் அவன்தான் சரியான இடத்தில் நிற்கிறான். தன் ஒவ்வொரு பிசகையும் மறைப்பில்லாமல் கேட்கும் வாய்ப்பு அவனுக்கு இருக்கிறது. அதை அவனிடம் சொல்ல ஆளில்லை. நெய்வேலி என்ற பெயரைத் தாங்கிய பாடகர் சந்தானகோபாலன் 2020ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி ஆனார். இந்த ஊரிலிருந்து இசைக்குப் போக வழி இருக்கிறது, அந்த வழியில் பெட்டிக் கடை இல்லை.

ஒரு புராசஸரின் விலையில் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு வகுப்புக் கட்டணம் கட்டிவிடலாம். பெற்றோரே, இந்த போனஸில் அதைச் செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெட்டியை அலமாரியில் பூட்டி வையுங்கள். பிள்ளை ஒரு ராகத்தைக் கேபிள் ஒன்றோடு மட்டும் சுத்தமாக வாசித்துக் காட்டும் நாளில் சாவியைக் கொடுங்கள்.