இமை ஆபரேஷனுக்குப் பதினஞ்சு நாள் லீவு போதுமா?

"அண்ணா, லீவுக்கு ஊருக்குப் போறோம். அப்படியே கண் இமையையும் சரி பண்ணிட்டு வந்துடலாம்னு இருக்கோம். பதினஞ்சு நாள் போதும்தானே?"

இந்த வருஷம் மூணு பேர் கேட்டாச்சு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மஸ்கட்டில் ஆப்டோமெட்ரிஸ்ட். ஆபரேஷன் செய்பவன் இல்லை. ஊரில் செய்துகொண்டு வந்து, "கண் எரியுது, முழுசா மூட முடியலை" என்று இங்கே வந்து நிற்பவர்களைப் பார்க்கிறவன். சொந்த ஊர் பாலக்காடு ஜில்லா பெருமாட்டி. 2004-ல் கோலா ஆலை மூடப்பட்டதே, அந்தப் பிளாச்சிமடை எங்கள் பஞ்சாயத்துதான். வீட்டில் பேச்சு தமிழ், பெரிய வைத்தியம் என்றால் கோயமுத்தூர்.

"ஒரு மணி நேரம், அன்றைக்கே வீடு" என்கிறது விளம்பரம். பொய் இல்லை, பாதி உண்மை. மரத்துப்போக ஊசி போட்டு, இமை மடிப்பில் கீறி, தொங்கும் தோலை எடுத்துத் தையல் போடுவார்கள். தையல் பிரிக்க ஐந்து முதல் ஏழு நாள். வீக்கமும் கன்றிப்போன நிறமும் வடிய இரண்டு வாரம். தழும்பு மங்கி முழு வடிவம் தெரியச் சில மாதங்கள். இரண்டு கண்ணும் அச்சு அசல் ஒரே மாதிரி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கண் உலர்ந்து உறுத்தலாம். கருவளையம் இதில் போகாது. அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வையே போகும். முதல் 24 மணி நேரத்தில் கடும் வலியோ மங்கலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் எந்த விளம்பரம் சொல்கிறது?

இன்னொன்று. இமை தொங்குவதற்குக் காரணம் ஒன்றல்ல. தோல் தளர்ந்திருக்கலாம், புருவம் இறங்கியிருக்கலாம், இமையைத் தூக்கும் தசை பலவீனமாக இருக்கலாம். இந்தக் கடைசிக்கு டோசிஸ் என்று பெயர். தோலை மட்டும் வெட்டினால் இமை தூக்காது. சாயங்காலம் ஆக ஆக அதிகம் தொங்கினால் மயஸ்தீனியா என்ற வியாதியாக இருக்கலாம். திடீரென்று தொங்கி, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தால் அது அவசர கேஸ், அழகு சமாச்சாரமே இல்லை.

எனக்கு உண்மையான ஆத்திரம் எங்கே தெரியுமா? பிறவியிலேயே ஒரு இமை பாதி மூடிய குழந்தையை "தூங்குமூஞ்சி" என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறோம். இமை கருமணியை மறைத்தால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே சோம்பிப்போகும். ஏழெட்டு வயது தாண்டினால் மீட்பது கஷ்டம். குழந்தையை "வளர்ந்தா சரியாயிடும்" என்று விட்டுவிட்டு, கல்யாண ஆல்பத்துக்காகச் சித்திக்கு இமை ஆபரேஷன் செய்யப் பணம் புரட்டுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அழகுக்காகச் செய்வது தப்பில்லை. உங்கள் முகம், உங்கள் காசு. ஆனால் மச்சானுக்குத் தெரிந்த கிளினிக் என்று போகாதீர்கள். ஆக்குலோபிளாஸ்டி படித்த கண் டாக்டரிடம் காட்டுங்கள். கோவை அரவிந்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தையல் பிரித்த பிறகும் ஊரில் இரண்டு வாரம் இருக்க முடிந்தால் செய்யுங்கள். லீவு கிடைக்கவில்லையா? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. குழந்தையின் கண்ணை மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீர்கள்.