லேசர் அடிச்சா சூடாகும்தானே? அணு மட்டும் குளிருவது எப்படி? துல்லியக் கடிகாரத்தின் பின்னணி!

2013-ல் இஸ்ரோ ஏவிய ஐஆர்என்எஸ்எஸ் 1ஏ செயற்கைக்கோள் நினைவிருக்கா? அதிலிருந்த 3 ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் பழுதாகிவிட்டன. செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வழிகாட்ட முடியவில்லை. அந்தக் கடிகாரங்கள் வெளிநாட்டில் வாங்கியவை.

கடிகாரத்துக்கும் மேப்புக்கும் என்ன சம்பந்தம்?

செயற்கைக்கோளில் இருந்து சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் உங்க போன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு தப்பினாலே தூரம் 300 மீட்டர் மாறிவிடும். நீங்க நிற்பது மெயின் ரோடு, மேப் காட்டுவது வேறு தெரு!

அணு எப்படி நேரம் சொல்லும்?

சீசியம் அணு ஒரு குறிப்பிட்ட மைக்ரோ அலைக்கு மட்டும்தான் சரியாக இசையும். அந்த அலை 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர்ந்தால் ஒரு நொடி. 1967 முதல் உலகம் முழுக்க இதுதான் கணக்கு.

சிக்கல் என்னன்னா, சாதாரண வெப்பநிலையில் அணுக்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பறக்கும். வேகமாகப் போகும் பஸ்ஸின் போர்டைப் படிக்கிற மாதிரிதான். முழுசா படிக்கணும்னா பஸ் மெதுவாகணும்.

லேசர் என்ன செய்கிறது?

சூடு என்பதே அணுக்களின் ஓட்டம்தான். ஓட்டத்தைக் குறைத்தால் குளிர்ந்துவிடும். அணு விழுங்கும் ஒளியைவிடக் கொஞ்சம் குறைந்த அதிர்வெண்ணில் 6 பக்கமிருந்தும் லேசர் பாய்ச்சுகிறார்கள். நெருங்கி வரும் ரயிலின் ஹாரன் கீச்சென்று கேட்குமே, அதேபோல லேசரை எதிர்த்து ஓடும் அணுவுக்கு அதன் அதிர்வெண் கூடித் தெரியும். உடனே ஒளியை விழுங்கும். ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு தள்ளு விழும். எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாலும் எதிர்க்காற்று அடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் அணுவின் நிலை. வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டராகக் குறைகிறது. இந்த முறைக்காக ஸ்டீவன் சூ, கிளாட் கோஹென் தனூஜி, வில்லியம் பிலிப்ஸ் மூவரும் 1997-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

குளிர்ந்த அணுக்களை நீரூற்று போல மேலே எறிந்து, அவை விழும்வரை நிதானமாக அளக்கலாம். அமெரிக்காவில் 2014-ல் அறிமுகமான இப்படியொரு கடிகாரம், 30 கோடி ஆண்டு ஓடினாலும் ஒரு நொடிகூட பிசகாது என்கிறார்கள்.

அடுத்து என்ன?

லேசரால் குளிர்விக்கும் சீசியம் கடிகாரம் ஒன்றை ஐரோப்பா 2025 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே அனுப்பிவிட்டது. இன்னொரு பக்கம், ஸ்ட்ரான்சியம் போன்ற அணுக்களின் ஒளி அதிர்வைக் கணக்கிடும் கடிகாரங்கள் வந்துவிட்டன. அது நொடிக்குச் சுமார் 429 லட்சம் கோடி முறை அதிரும். இவற்றை வைத்து 2030-ல் 'நொடி'யின் வரையறையையே மாற்றுவதுதான் இலக்கு.

இந்தியா எங்கே நிற்கிறது?

நம் நாட்டு நேரத்தைப் பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், சொந்தமாக சீசியம் நீரூற்றுக் கடிகாரம் உருவாக்கியிருக்கிறது. 2023-ல் ஏவப்பட்ட என்விஎஸ் 01 செயற்கைக்கோளில் உள்நாட்டு ரூபிடியம் கடிகாரம் போனது. அது லேசரால் குளிர்விக்கப்படும் வகை இல்லை. ஆனாலும் முக்கியமான அடி. வங்கி, மின்சாரம், போன் நெட்வொர்க் எல்லாமே துல்லிய நேரத்தை நம்பித்தான் ஓடுகின்றன. கடிகாரத்துக்கு அடுத்தவரை நம்பினால் என்ன ஆகும் என்பதை 1ஏ ஏற்கெனவே காட்டிவிட்டது.